குடுமியிலிருந்து திருகாணி வரை

அலமாரி என்னும் சொல் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. சன்னலும் சாவியும் அவ்வழியே வந்தவைதாம். கதவு என்பதோ பழந்தமிழ்ச் சொல். அக்கதவு சுழலும் முளைக்கு நம் தச்சர்கள் இட்ட பெயர் 'குடுமி'. கோயில்களிலும் பழைய வீடுகளிலும் கதவுப் பலகையின் ஓர் ஓரத்தில் மேலும் கீழும் இம்முளைகள் நீண்டிருக்கும். மேல்முளை நிலையின் துளையிலும் கீழ்முளை குழியிலும் அமர்ந்து கதவைச் சுழலவிடும். உலகின் பல நாகரிகங்கள் இவ்வமைப்பை அறிந்திருந்தன. கி.மு. 2100ஐ ஒட்டிய காலத்தில் சுமேரியாவின் லகாஷ் நகரை ஆண்ட குதேயா, தாம் எழுப்பிய கோயில்களின் கதவுக்குழிக் கற்களில் தம் பெயரைப் பொறித்து வைத்தார். அக்கற்களைப் பிற்காலத்தில் அகழ்ந்தெடுத்துள்ளனர்.

மன்னனின் கோயிற்கதவிலிருந்து சமையலறை அலமாரிக் கதவு வெகுதொலைவில் இருப்பதாகத் தோன்றலாம். ஆயினும் இரண்டுக்கும் சிக்கல் ஒன்றே. கதவு தொங்கினாலோ, உரசினாலோ, பக்கத்துக் கதவோடு நேராக நில்லாவிட்டாலோ அதைத் திருத்துவது எங்ஙனம், திருத்துபவர் யார்? இவ்வினாவுக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளே கீலின் வரலாறு எனலாம்.

குடுமிக் கதவைத் திருத்தும் வழி பெரும்பாலும் இழைப்புளிதான். அடைமழையில் மரம் ஈரம் உண்டு பருக்கும். கதவு நிலையில் இறுகும். தச்சர் வந்து ஓரத்தை இழைத்துக் கொடுப்பார். பங்குனி வெயிலில் அதே மரம் சுருங்கும்போது இடுக்கு விழும். இழைத்த மரத்தை மீண்டும் ஒட்டவைக்க இயலாது. எனவே எவ்வளவு இழைப்பது என்பதைக் காட்டிலும் எங்கே நிறுத்துவது என்பதே தொழிலறிவாக இருந்தது.

இரும்புக் கீல் பரவியபோது நிலைமை ஓரளவு மாறியது. இங்கிலாந்தில் 1775இல் வார்ப்பிரும்புக் கீலுக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. ஆலையில் வார்த்த மலிவான கீல் எளிய வீடுகளுக்கும் எட்டியது. ஆனால் அக்கீலுக்கு அசைவு ஒன்றே: திறத்தல், மூடுதல். பொருத்திய இடத்திலிருந்து ஒரு நூலளவும் அது நகராது. உளியால் பள்ளம் சற்று ஆழமாக வெட்டப்பட்டுவிட்டால் அடியில் அட்டைத் துண்டை வைப்பதும், தளர்ந்த திருகாணித் துளையில் தீக்குச்சியைச் செருகுவதும் இன்றும் நம் தச்சர்கள் கையாளும் உத்திகள். திருத்தம் முழுவதும் தச்சரின் கண்ணிலும் கையிலும் இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் சமையலறையே ஆலைப்பொருளாகியது. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் எர்ன்ஸ்ட் மாய் தலைமையில் நடந்த குடியிருப்புத் திட்டத்துக்காக, ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் ஏறத்தாழ 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். சமைப்பவரின் ஒவ்வொரு அசைவையும் கணக்கிட்டு அமைத்த இச்சமையலறை ஏறத்தாழ 10,000 வீடுகளில் பொருத்தப்பட்டது. தனித்தனி மரச்சாமான்கள் நின்ற இடத்தில், சுவரோடு சுவராக ஒரே அளவிலான அலமாரிகள் வரிசையாக வந்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் மரத்துண்டுகளைப் பசையிட்டு அழுத்திய துகள்பலகை பெருகியது. அதன் முகப்பு வலிமையானது; விளிம்போ திருகாணியை நெடுநாள் பற்றி நிற்பதில்லை. விளிம்பில் பொருத்தும் பழைய கீல் இதற்கு உதவாது. ஆகவே கீல் கதவின் உட்புற முகப்புக்கு இடம்பெயர்ந்தது. அங்கே 35 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு குழி. அதில் அமரும் ஒரு கிண்ணம். கிண்ணத்திலிருந்து நீளும் ஒரு கை. அக்கையைத் தாங்க அலமாரியின் பக்கப்பலகையில் ஒரு தகடு. பக்கப்பலகையிலும் 32 மில்லிமீட்டர் இடைவெளியில் 5 மில்லிமீட்டர் துளைகளை வரிசையாக இயந்திரமே இடும் முறை உருவாயிற்று. இன்று இவ்வகைக் கீல்களுக்குப் பெயர்பெற்ற புளும் நிறுவனத்தை ஜூலியஸ் புளும் 1952இல் ஆஸ்திரியாவின் ஹோக்ஸ்ட் என்னும் ஊரில் தொடங்கியபோது, அவருடைய முதல் பொருள் குதிரை வழுக்காமலிருக்க லாடத்தில் பொருத்தும் முளை என்பது குறிப்பிடத்தக்கது.

இங்கே ஒரு முரண் எழுகிறது. பழைய அலமாரியில் ஒவ்வொரு கதவும் தன் சட்டத்துக்குள் தனியே மூடிக்கொண்டது. புதிய அலமாரியில் கதவுகள் பலகை விளிம்புகளை மறைத்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் அருகருகே நிற்கின்றன. பத்துக் கதவுகள் ஒரே கோட்டில் நிற்கும்போது ஒன்று சாய்ந்தாலும் கண் உடனே கண்டுகொள்ளும். ஆலை எல்லாவற்றையும் துல்லியமாக அறுத்துத் தருகிறது. வீட்டின் தரையும் சுவரும் அத்துணைத் துல்லியமாக இருப்பதில்லை. இந்த முரணைத் தீர்க்கவே கீலுக்குள் திருத்தத் திருகாணிகள் புகுந்தன. பிழை நேரும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு அதற்கென ஓர் இடம் ஒதுக்கிய கருவி இது.

அதன் இயக்கம் எளியது. கையில், கதவுக்கு அருகிலுள்ள திருகாணி கதவை இடமும் வலமும் நகர்த்தும். பின்னால் உள்ளது கதவை அலமாரியோடு நெருக்கும் அல்லது விலக்கும். தகட்டிலுள்ள நீள்துளைத் திருகாணிகளைத் தளர்த்தினால் கதவை ஏற்றி இறக்கலாம். கதவின் கைப்பிடிப் பக்கம் தாழ்ந்திருந்தால், மேல் கீலில் கதவைக் கீல் பக்கமாகச் சற்றே இழுக்க வேண்டும். இரு கீல்களுக்கும் இடையே 50 சென்டிமீட்டரும் கதவின் அகலம் 50 சென்டிமீட்டரும் இருப்பின், மேலே 1 மில்லிமீட்டர் நகர்த்தினால் மறுமுனை ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் உயரும். முதலில் தளர்ந்த திருகாணிகளை இறுக்கி, பின்னர் உயரம், பிறகு பக்கவாட்டு, இறுதியில் ஆழம் என்று கால் சுற்றாகத் திருகிப் பார்ப்பது நலம். இழைப்புளியால் செய்த திருத்தம் மீளாதது. திருகாணியால் செய்ததை எதிர்த்திசையில் திருப்பிவிடலாம்.

நம் ஊரில் இக்கீலின் பெயர் 'ஆட்டோ இஞ்ச்'. கதவை வில் தானே இழுத்து மூடிவிடுவதால் வந்த பெயர் போலும். கடப்பைக்கல் தட்டுகளுக்கு முன் மரச்சட்டம் அடித்து, ஒட்டுப்பலகைக் கதவு மாட்டும் வீடுகளிலும் அது நுழைந்துவிட்டது. ஆனால் அதன் திருகாணிகளைப் பற்றிய அறிவு உடன் நுழையவில்லை. பொருத்துபவர் வேலை முடிந்ததும் போய்விடுகிறார். கதவு இரண்டாண்டு உரசுகிறது. 'மரம் சரியில்லை' என்ற முடிவுக்கு வீட்டார் வந்துவிடுகின்றனர். புதுக் கதவுக்குச் செலவும் செய்கின்றனர். நீர் பட்டுப் பலகையே ஊதித் திருகாணி பிடிப்பிழந்த இடங்களில் அச்செலவு நியாயமானது. மற்ற இடங்களில் ஒரு திருப்புளி போதும்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் சமைப்பவருக்காக எண்ணி எண்ணிச் சமையலறையைச் செய்தார்கள். ஆயினும் அதைச் செப்பனிடும் அறிவு அன்று தச்சரிடமே இருந்தது. திருகாணிக் கீல் அந்த அறிவில் ஒரு பகுதியையேனும் சமையலறையில் நாள்தோறும் நிற்பவரின் கைக்கு மாற்றக்கூடியது. தச்சருக்கு இதனால் இழப்பு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. இழைப்புளியின் நுட்பம் குறைந்துகொண்டுதான் வருகிறது. அந்த இழப்புக்கு ஈடாகக் கிடைத்ததையாவது நாம் பெற்றுக்கொள்ள வேண்டாமா? அலமாரி பொருத்துபவர் புறப்படும் முன், எந்தத் திருகாணி எதற்கு என்று வீட்டாருக்கு ஒருமுறை காட்டிவிட்டுச் செல்வதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. அவர் காட்டாவிட்டால் நாமே கேட்கலாம்.