கழிமுகத்தில் ஒரு நேர்கோடு: ஆற்றுநீர் – கடல்நீர்க் கலப்பு பற்றிய வேதியியல் சிந்தனை, 1899 – 1981

முன்னுரை

ஆறு கடலொடு கலக்கும் இடத்தைத் தமிழ் ‘புகார்’ என்றது. புகுதல் என்னும் வினையோடு அச்சொல்லை இயைத்துக் காண்பது வழக்கம். கடல் வேதியியலும் நெடுங்காலம் கழிமுகத்தைப் புகுவாயிலாகவே கருதி, ஆறு சுமந்து வரும் பொருள் முழுவதும் அவ்வழியே கடலைச் சேர்வதாகக் கணக்கிட்டது. அவ்விடத்திலேயே பொருள்கள் பிரிகின்றன, படிகின்றன, புதிதாகக் கரைகின்றன என்ற புரிதல் பெரும்பாலும் 1958க்கும் 1977க்கும் இடையில் உருவாயிற்று. அப்புரிதலைத் தாங்கிய சான்றுகளின் வலிமையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

ஜோலியின் கணக்கு

கடலின் உப்பு ஆறுகள் கொணர்ந்தது எனின், அதன் அளவைக் கொண்டு உலகின் வயதை அறியலாம் என 1715இல் எட்மண்ட் ஹேலி எழுதினார். பண்டைய கிரேக்கரும் உரோமரும் தம் காலத்துக் கடலின் உவர்ப்பைக் குறித்து வைக்கவில்லையே என்பது அவர் வருத்தம். 1899இல் ஜான் ஜோலி அக்கருத்தை எண்களாக்கினார். கடலிலுள்ள சோடியத்தின் மொத்த அளவை, ஜான் மரே தொகுத்திருந்த ஆற்றுநீர்த் தரவுகளின்படி ஆண்டுதோறும் வந்துசேரும் சோடியத்தால் வகுத்து, 8 முதல் 9 கோடி ஆண்டுகள் என்ற விடையைப் பெற்றார்.

அவ்விடை புவியின் வயதைத் தரவில்லை. சோடியம் கடலில் சராசரியாகத் தங்கியிருக்கும் காலத்தையே அவர் தம்மையறியாமல் கணித்திருந்தார். கடலுக்குள் வந்தது வெளியேறுவதில்லை என்ற எடுகோளே பிழையின் முதன்மைக் காரணம். எனினும் கழிமுகமும் அவர் கணக்கில் இடம்பெறவில்லை. ஆற்று வண்டலின் களிமண் கடல்நீரைத் தொடும்போது கால்சியத்தை விடுத்துச் சோடியத்தை ஏற்கிறது என்பது பின்னாளில் தெளிவானது. அலுமினியத்தைக் கொண்டு இதே வகுத்தலைச் செய்தால் உலகின் வயது சில நூறு ஆண்டுகளாகச் சுருங்கிவிடும். அலுமினியமும் இரும்பும் எங்கே மறைகின்றன என்ற வினா அவ்வகுத்தலிலேயே ஒளிந்திருந்தது.

நேர்கோடும் வளைகோடும்

இவ்வினாவுக்கு விடை காணப் பயன்பட்ட கருவி மிக எளியது. கழிமுகத்தின் பல இடங்களில் நீரெடுத்து, உவர்ப்பைக் கிடையச்சிலும் ஒரு பொருளின் செறிவைச் செங்குத்தச்சிலும் குறித்தால், கலப்பு மட்டுமே நிகழுமிடத்துப் புள்ளிகள் ஆற்றுநீரையும் கடல்நீரையும் இணைக்கும் நேர்கோட்டில் அமையும். அவை கோட்டுக்குக் கீழே தாழ்ந்தால் பொருள் நீங்கியது எனவும், மேலே எழுந்தால் சேர்ந்தது எனவும் கொள்வர். உவர்ப்பை இவ்வாறு அளவுகோலாக்க முடிந்தமைக்கு அடிப்படை 1884இல் வெளியான டிட்மாரின் பகுப்பாய்வு. சேலஞ்சர் கப்பல் கொணர்ந்த 77 கடல்நீர் மாதிரிகளில் முதன்மை அயனிகளின் விகிதம் ஏறத்தாழ மாறாதிருப்பதை அவர் காட்டியிருந்தார்.

1958இல் பியென், காண்டாய்ஸ், தாமஸ் ஆகியோர் மிசிசிப்பி முகத்தில் சிலிக்கா, வெறும் நீர்த்தலால் குறையவேண்டிய அளவினும் மிகுதியாகக் குறைவதாக அறிவித்தனர். 1970இல் லிஸ், ஸ்பென்சர் இருவரும் வேல்சின் கான்வே கழிமுகத்தில் இதையொத்த நீக்கத்தைக் கண்டனர். 1974இல் எட்வர்ட் பாயிலும் உடன் ஆய்வாளர்களும் இவ்வகை வரைபடங்களுக்குரிய கணித நிபந்தனைகளை வகுத்தபோது சிக்கல் வெளிப்பட்டது. கலப்பவை இரண்டே நீர்களாக இருத்தல் வேண்டும். அவற்றின் செறிவு, கழிமுக நீர் புதுப்பிக்கப்படும் காலம் முழுவதும் நிலையாக இருத்தல் வேண்டும். கிளையாறு ஒன்று இடையில் சேர்ந்தாலும், ஆற்றின் செறிவு வாரத்துக்கு வாரம் மாறினாலும், எவ்வினையும் நிகழாமலே கோடு வளையும். பின்னதை 1981இல் இருவேறு குழுவினர் கணித மாதிரிகளால் நிறுவினர்.

எனவே, வரைபடச் சான்றினும் ஷோல்கோவிட்ஸ் 1976இல் வெளியிட்ட ஆய்வகச் சோதனையே உறுதியானது எனக் கருத இடமுண்டு. ஸ்காட்லாந்து ஆறுகளின் நீரை வடிகட்டி, வடிகட்டிய கடல்நீருடன் வெவ்வேறு விகிதங்களில் கலந்து, உண்டான திரள்களை அவர் பகுத்தாய்ந்தார். ஓதமும் காற்றும் உயிரினமும் அங்கில்லை; இரு நீர்களின் செறிவும் மாறவில்லை. இருந்தும் இரும்பு, அலுமினியம், மாங்கனீசு, பாஸ்பரஸ் ஆகியன கரிமப் பொருளுடன் திரண்டு பிரிந்தன. கரைந்த கரிமப் பொருளில் 3 முதல் 11 விழுக்காடு மட்டுமே இவ்வாறு நீங்கியது என்பதும் கருதத்தக்கது. எல்லாப் பொருளுக்கும் கழிமுகம் ஒரே வகையாகச் செயற்படுவதில்லை.

பாயில், ஜான் எட்மண்ட், ஷோல்கோவிட்ஸ் மூவரும் 1977இல் இதன் இயங்குமுறையை விளக்கினர். ஆற்றின் ‘கரைந்த’ இரும்பில் பெரும்பகுதி உண்மையில் கூழ்மம். எதிர்மின்னூட்டமும் அதைப் போர்த்திய மட்குப் பொருளும் நுண்துகள்களை ஒன்றையொன்று நெருங்கவிடாமல் தடுக்கின்றன. கடலின் கால்சியம், மக்னீசியம் அயனிகள் அம்மின்னூட்டத்தைத் தணிக்கவே துகள்கள் திரளுகின்றன. 0.45 மைக்ரோமீட்டர்த் துளை வழியே சென்றதெல்லாம் கரைந்தது என்ற ஆய்வக வழக்கமே இரும்பின் இயல்பை இத்தனை காலம் மறைத்திருந்தது. ஒரு வடிதாளின் துளையளவு ஓர் அறிவியல் கருத்தின் எல்லையைத் தீர்மானித்தது வியப்புக்குரியது.

அதே 1977இல் மிசிசிப்பி முகத்தில் ஹேனர், சான் இருவரும் மறுதலையான நிகழ்வைக் காட்டினர். களிமண்ணில் ஒட்டிவந்த பேரியத்தைக் கடலுப்பின் அயனிகள் பெயர்த்து நீருக்குள் விடுகின்றன. ஆற்றுநீரை மட்டும் அளந்து கடலுக்குச் செல்லும் பேரியத்தைக் கணிப்போர் குறைத்தே மதிப்பிடுவர். இரும்பை அவ்வாறு கணிப்போர் மிகுத்து மதிப்பிடுவர்.

பருவமழை ஆறுகள்

மேற்கண்ட முன்னோடி ஆய்வுகள் பெரும்பாலும் ஆண்டு முழுவதும் நீரோடும் மிதவெப்ப மண்டல ஆறுகளில் நிகழ்ந்தவை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அமைந்த பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்தின் நிலை வேறு. வடகிழக்குப் பருவமழையின்போது நன்னீர் கழிமுகத்தை நிறைக்கிறது; கோடையில் உவர்ப்பு கடல்நீரை நெருங்குகிறது. பன்னிரு மாதத் தரவுகளை ஒரே வரைபடத்தில் இட்டு, வளைவைக் கண்டவுடன் நீக்கம் என்றோ சேர்க்கை என்றோ முடிவு கூறுவது 1974ஆம் ஆண்டின் நிபந்தனையை மீறுவதாகும். மழைக்காலத்து ஆற்றுநீரும் கோடைக்காலத்து ஆற்றுநீரும் இங்கே இருவேறு நீர்கள். ஒரே ஓதத்தில் திரட்டிய மாதிரிகளுக்குத் தனிக்கோடு வரைதலும், அதற்கு முந்தைய சில வாரங்களின் ஆற்றுநீரைத் தொடர்ந்து அளத்தலும், அதே நீரை ஆய்வகத்தில் கடல்நீருடன் கலந்து ஒப்பிடுதலும் இத்தகைய கழிமுகங்களுக்கு இன்றியமையாதவை.