குருதிப்பெருக்கு (ஹெமரேஜ்)

குருதிக்குழாய் உடைந்தோ கிழிந்தோ குருதி மிகுதியாக வெளியேறுவது குருதிப்பெருக்கு. பேச்சு வழக்கில் ரத்தப்போக்கு, உதிரப்போக்கு. மருத்துவமனையில் ஹெமரேஜ்.

ஹெமரேஜ் கிரேக்க வேர் கொண்டது. 'ஹைமா' என்றால் குருதி. பின்பகுதி, உடைத்துக்கொண்டு பாய்வதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. ஹீமோகுளோபின், ஹீமோஃபீலியா ஆகிய சொற்களின் முன்பகுதியும் இதே 'ஹைமா'தான்.

விரலில் கத்தி பட்டுக் கசிவதை யாரும் ஹெமரேஜ் என்பதில்லை. அளவும் வேகமும் சேர்ந்தே இச்சொல்லுக்குப் பொருள் தருகின்றன. பிள்ளைப்பேற்றுக்குப் பின் 24 மணி நேரத்துக்குள் 500 மில்லி லிட்டரோ அதற்கு மேலோ குருதி போனால் அது பேற்றுக்குப் பிந்திய குருதிப்பெருக்கு என்பது நெடுநாள் வரையறை. வளர்ந்தவர் உடலில் இருப்பதே ஏறக்குறைய 5 லிட்டர்தான்.

ரத்தம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதும் இல்லை. "மூளையில் ஹெமரேஜ்" என்று மருத்துவர் சொன்னால், மண்டைக்குள்ளேயே குழாய் வெடித்திருக்கிறது; வெளியே ஒரு சொட்டும் வராது. விபத்தில் அடிபட்டவர் வெளிறி, வியர்த்து, நாடி படபடத்தால் வயிற்றுக்குள் பெருக்கு இருக்கலாம்.

மாதவிடாயில் மிகுதியாகப் போவதற்குச் சித்த மருத்துவம் தரும் பெயர் பெரும்பாடு. பழைய தமிழ் விவிலியத்திலும் இச்சொல் உண்டு. பெண்கள் "எப்போதும் இப்படித்தான்" என்று பொறுத்துக்கொள்ளும் அந்த நிலைக்குத் தமிழ் முன்பே நோய்ப்பெயர் வைத்திருக்கிறது. அதைச் சொல்லி மருத்துவரிடம் போகத் தயங்கவே வேண்டாம்.