கோட்டைக்குள் வந்த குடும்பங்கள்

தொண்டை மண்டலத்தின் வரலாறு பேசப்படும்போதெல்லாம் காஞ்சியின் கோயில்களும் மாமல்லையின் சிற்பங்களும் முன்வந்து நிற்கும். செங்கற்பட்டுக் கோட்டை அவ்வரிசையில் இடம்பெறுவது அரிது. சென்னையிலிருந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதை அக்கோட்டையை ஊடறுத்தே செல்கிறது. நாள்தோறும் பல்லாயிரவர் அதனைக் கடக்கின்றனர். தாம் கடந்தது ஒரு கோட்டை என்பதை உணர்ந்தோர் சிலரே.

திருப்பெரும்புதூரும் ஒரகடமும் இன்று தொழிற்சாலைகளின் நிலம். 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியபின், பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் உழைப்பாளர் குடும்பங்கள் இப்பகுதிக்கு வந்து சேர்ந்தன. ஓய்வு நாள் ஒன்றில் அத்தகைய குடும்பம் ஒன்று, சிங்கப்பெருமாள்கோயில் வழியே செங்கற்பட்டை அடைந்து, கொளவாய் ஏரிக்கரையில் கட்டுச்சோற்றைப் பிரித்து அமர்வதாகக் கொள்ளலாம். "கோட்டையில் யாரெல்லாம் இருந்தார்கள்?" என்று பிள்ளை கேட்கும். "ராஜா இருந்தார்" என்று தந்தை விடையளிப்பார். அவ்விடை பிழையன்று, முழுமையும் அன்று.

கோட்டையை எழுப்பியோர் விசயநகர ஆட்சியாளர். காலம் பதினாறாம் நூற்றாண்டு. ஒருபுறம் ஏரியும், சூழச் சதுப்பு நிலமும், தெற்கே சிறிது தொலைவில் பாலாறும் அதற்கு அரணாயின. 1751இல் பிரெஞ்சுக்காரர் கைக்கொண்ட கோட்டையை, மறு ஆண்டே இராபர்ட் கிளைவ் கைப்பற்றினார். 1763இல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி இச்சீமையைக் கும்பினிக்குச் சாகீராக வழங்கினார். அதன்பின் எடுக்கப்பட்ட பார்னார்டின் அளவாய்வு, சாகீர் ஊர்களின் வீடுகளையும், ஏரிகளையும், உழவர், நெசவாளர், குயவர் முதலானோரையும் ஊர்வாரியாகக் கணக்கிட்டது. விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதும் அதில் உண்டு. ஒரு சீமையின் குடிவாழ்வு இத்துணை நுட்பமாகப் பதிவுற்ற சில ஆண்டுகளிலேயே அவ்வாழ்வு குலைந்தது.

1780 சூலையில் ஐதர் அலியின் பெரும்படை கருநாடகச் சீமைக்குள் இறங்கியது. குண்டூரிலிருந்து வந்த கர்னல் பெய்லியின் படை, காஞ்சிபுரத்தில் தங்கியிருந்த சர் எக்டர் மன்றோவின் படையோடு சேரவேண்டும் என்பது கும்பினியின் திட்டம். கொசத்தலையாற்று வெள்ளம் பெய்லியைத் தடுத்தது. பேரம்பாக்கத்தில் திப்பு அவரை மறித்தார். செப்டம்பர் 10ஆம் நாள் புள்ளலூரில் போர் மூண்டது. மைசூர்ப் படையின் வாணங்களும் பீரங்கிகளும் முழங்கின. கும்பினியாரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. பெய்லியின் படை அழிந்தது. எஞ்சியோர் சிறைப்பட்டுச் சீரங்கப்பட்டணம் சென்றனர். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் பகைவரை வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு குறிக்கும் அதே புள்ளலூரே இப்புள்ளலூர்.

காஞ்சியில் இருந்த மன்றோ சில கல் தொலைவில் இருந்தும் உரிய வேளையில் துணைக்குச் செல்லவில்லை. தோல்விச் செய்தி எட்டியதும் பெரும் பீரங்கிகளைக் கோயிற் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். அவர் படைக்குப் புகலிடம் அளித்தது செங்கற்பட்டுக் கோட்டை. வரலாற்று நூல்கள் இதனை விரிவாகவே கூறும். ஐதர் போர்க்காலத்தில் அக்கோட்டை சுற்றுவட்டாரக் குடிகளுக்கும் அடைக்கலம் தந்தது என்பதையோ, அவை ஒரே தொடரில் சொல்லிக் கடந்துவிடும்.

அந்த ஒரு தொடருக்குள் எத்தனை குடும்பங்கள்! விதைநெல்லை மூட்டைகட்டிய உழவர் இருந்திருப்பர். தறியை விட்டுவிட்டு நூலை மட்டும் எடுத்துவந்த நெசவாளர் இருந்திருப்பர். அவர்களும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டே கோட்டைக்குள் வந்தனர். வெளியே இருந்தால் உயிர் நில்லாது என்பதே அவர்தம் பயணத்தின் காரணம்.

மதில் வாளைத் தடுத்தது. பசியைத் தடுக்க அதனால் இயலவில்லை. போர் ஊர்களை எரித்தது. தொடர்ந்த பஞ்சம் எஞ்சியதையும் கொண்டுபோயிற்று. சாகீரின் பல ஊர்கள் ஆளின்றிக் கிடந்தன. பஞ்சத்தால் சென்னையில் குவிந்தோர்க்குக் கஞ்சி வார்க்க 1782இல் மணியக்காரர் சத்திரம் தோன்றிற்று. அதன் வழிவந்த ஸ்டான்லி மருத்துவமனையை முதியோர் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே அழைத்து வந்தனர். செங்கற்பட்டுச் சீமையின் பசி ஒரு பெயராக இன்றும் எஞ்சியிருக்கிறது.

போரின் வெற்றியைத் திப்பு சீரங்கப்பட்டணத்துத் தரியா தவுலத் மாளிகைச் சுவரில் ஓவியமாக்கினார். கும்பினியார் புள்ளலூரில் தம் அதிகாரிகளுக்கு நினைவுத்தூண்கள் நட்டனர். இரு தரப்பாரும் தத்தம் நினைவைக் காத்துக்கொண்டனர். இடையில் அகப்பட்ட குடிகளுக்குத் தூணும் இல்லை, ஓவியமும் இல்லை.

களம் பாடும் மரபு தமிழுக்கு மிகப் பழையது. வென்றோரையும் வீழ்ந்தோரையும் பாடிய அம்மொழி, மதிலுக்குள் பிள்ளையை அணைத்து இரவைக் கழித்த தாயையும் பாடக் கடன்பட்டது. அப்பாடலை இத்தொண்டை நாட்டுக் கவிஞர் ஒருவர் எழுதுவாராயின், ஏரிக்கரையில் அமர்ந்து கேட்கும் பிள்ளைக்கு நிறைவான விடை கிடைக்கும்: "ராஜா இருந்தார், சிப்பாய்கள் இருந்தார்கள், நம்மைப் போன்றவர்களும் இருந்தார்கள்."