மடியில் இருந்த நேரம்: கைபடாத பூனையைப் பழக்குவது குறித்து ஒரு மறுவாசிப்பு

பிறந்தது முதல் மனிதர் கையே படாமல் வளர்ந்த தெருப்பூனை பிற்பாடு தொடவும் தூக்கவும் இடம் கொடுக்குமா? இந்தக் கேள்விக்குத் துறையில் ஒரு விடை ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது. இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரையிலான பழகும் பருவத்தில் மனிதரோடு பழகாத குட்டிக்கு அந்த வாய்ப்பு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு தெரிவதெல்லாம் சகிப்புத்தான், இணக்கமல்ல என்பது அந்த விடை. இதன் விளைவு ஏட்டோடு நிற்பதில்லை. ‘பழகாது’ என்று முத்திரை விழுந்த பூனைக்குப் பல நாட்டுக் காப்பகங்களில் அடுத்த கட்டம் கருணைக்கொலை. பழக்கிப் பார்க்கத் துணிபவர்களோ குட்டிகளுக்கு வகுத்த முறையையே வளர்ந்த பூனைக்கும் பயன்படுத்துகிறார்கள்: துண்டில் சுற்று, மடியில் வை, நாள்தோறும் நேரத்தைக் கூட்டு.

இரண்டு போக்கும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன. ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் நடத்தி 1983, 1984 ஆண்டுகளில் வெளியிட்ட சோதனைகள் அவை. 1988-இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட வீட்டுப்பூனை நடத்தைத் தொகுதியில், டெனிஸ் டர்னரோடு சேர்ந்து அவர் எழுதிய அத்தியாயத்தின் வழியே பரவலாகின. அந்தச் சோதனைகள் பிழை என்று நான் சொல்லவில்லை. வளர்ந்த பூனையைப் பற்றி அவை சொல்லாத ஒன்றை அவற்றின் வாயில் நாம் திணித்திருக்கிறோம் என்றே கருதுகிறேன்.

முதல் சோதனையின் அமைப்பு எளிது. ஒரு குழுக் குட்டிகளை மூன்றாம் வாரத்திலிருந்து 14-ஆம் வாரம் வரை நாள்தோறும் கையில் எடுத்து வளர்த்தார்கள். இன்னொரு குழுவை ஏழாம் வாரத்திலிருந்து 14 வரை. மூன்றாம் குழுவை அந்தக் காலம் முழுவதும் கையில் எடுக்கவே இல்லை. 14-ஆம் வாரத்துக்குப் பிறகு, ஒரு வயது வரை, இடைவெளி விட்டுவிட்டு இரண்டு விஷயங்களை அளந்தார்கள்: உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் பூனை எவ்வளவு விரைவில் வருகிறது, மடியில் வைத்தால் எவ்வளவு நேரம் இருக்கிறது. மடியில் அதிக நேரம் இருந்தது மூன்றாம் வாரக் குழு. அடுத்தது ஏழாம் வாரக் குழு. கடைசியில் கைபடாத குழு. நாள்தோறும் 15 நிமிடம் கையாளப்பட்டவற்றைவிட 40 நிமிடம் கையாளப்பட்டவை கூடுதலாக இருந்தன என்பதும் பின்னர் சேர்ந்தது.

மூன்றாம் வாரத்தில் தொடங்கிய குட்டிக்கு மொத்தத்தில் நான்கு வாரக் கையாளல் அதிகம் கிடைத்திருக்கிறதே என்று உடனே கேட்கத் தோன்றும். கார்ஷுக்கும் அது தோன்றியது. பிந்தைய சோதனைகளில் கையாளும் காலத்தின் நீளத்தைச் சமமாக்கி, தொடங்கும் வாரத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார். ஆகவே அந்த வழியில் அவரை மடக்க முயல்வது வீண். பழகும் பருவம் என்று ஒன்று உண்டு என்பதையும், அந்தப் பருவத்தில் கொஞ்சம் உழைத்தால் நிறையக் கிடைக்கும் என்பதையும் நான் தயக்கமின்றி ஏற்கிறேன்.

என் ஐயம் கடிகாரத்தின் மேல். மடிச் சோதனையில் பூனை மடியில் வைக்கப்பட்டதும் நேரம் ஓடத் தொடங்குகிறது, இறங்கியதும் நிற்கிறது. இறங்கிய பிறகு என்ன நடந்தது? அறையின் கோடிக்குப் போய்ப் பதுங்கியதா, இரண்டடி தள்ளி உட்கார்ந்து முதுகை நக்கியதா, திரும்பி வந்து முழங்காலில் கன்னத்தை உரசியதா? இந்த மூன்றும் மூன்று வேறு பூனைகள். மடி நேரத்தில் மூன்றும் ஒன்றே. இறங்கிப் போவதைச் சோதனையின் முடிவாகக் கொண்டதால், அது பூனை தரும் பதிலின் தொடக்கமாகவும் இருக்கலாம் என்பது பார்வைக்கே வரவில்லை. கையாளப்பட்ட குட்டிகள் கற்றது மடியில் இருப்பதை. மடிச் சோதனை சோதித்ததும் மடியில் இருப்பதையே. ஒரு செயலில் பயிற்சி பெற்றவை அதே செயலில் தேறின என்பதிலிருந்து மனிதரோடான இணக்கம் முழுவதையும் அளந்துவிட்டதாகக் கொள்வது துணிச்சல்தான். தவிர, கையாளலை வளர்ந்த பிறகு தொடங்கிய குழு அந்த அமைப்பில் இல்லை. ஏழாம் வாரத்துக்கு முன் எளிது என்பதைச் சோதனை காட்டியது. ஓராண்டு கழித்து முடியாது என்பதைக் காட்டும் வாய்ப்பே அதற்கு இருக்கவில்லை.

இது அளவையியல் வம்பு என்று தோன்றலாம். வளர்ந்த பூனையிடம் வரும்போது இதன் கனம் தெரியும். மடியில் ‘இருக்கும்’ பூனைகள் இரண்டு வகை. பயந்த பூனைக்கு ஓட வழியில்லாதபோது அது உறைந்துபோகிறது. துண்டில் சுற்றி மடியில் வைக்கப்பட்ட கைபடாத பூனையை அருகிலிருந்து பாருங்கள். காதுகள் பக்கவாட்டில் தட்டையாகியிருக்கும், பாவை விரிந்து கண்ணில் நிறமே தெரியாது, இமைக்காது. மூச்சு மேலோட்டமாக, வேகமாக ஓடும். வால் உடலோடு ஒட்டியிருக்கும். எடை முழுவதும் பின்னங்கால்களில், பாயத் தயாராக. விட்டதும் துண்டை விரித்தால் உள்ளங்கால் பதிந்த இடங்களில் ஈரம் இருக்கும். பூனைக்கு வியர்ப்பது அங்கேதான். இந்தப் பூனை நீண்ட நேரம் அசையாமல் இருக்கும். மடிக் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கும். நாளடைவில் எதிர்ப்பதையும் விட்டுவிடும். காப்பகக் குறிப்பேட்டில் அது ‘முன்னேற்றம்’. நடத்தையியலில் அதற்குப் பெயர் கற்ற கையறுநிலை.

பூனையின் செய்கையை நாம் வைத்த கருவிக்கு ஏற்பப் படித்துவிடுவது இந்தத் துறையில் புதிதல்ல. கத்ரியும் ஹார்ட்டனும் 1946-இல் வெளியிட்ட புதிர்ப்பெட்டிச் சோதனைகளில், பூனைகள் ஒரு கம்பத்தை மாறாத ஒரே அசைவால் உரசித் தப்பின. கற்றலின் இயந்திரத் தன்மைக்கு அது சான்றாகக் கொள்ளப்பட்டது. 33 ஆண்டுகள் கழித்து மூரும் ஸ்டட்டர்டும் அதைக் கலைத்தார்கள். உரசியதால் தப்புதலோ தீனியோ எதுவும் கிடைக்காதபோதும் பூனைகள் அப்படியே உரசின. மனிதர் பார்வையில் இல்லாதபோதுதான் உரசவில்லை. அது கண்ணெதிரே நின்ற மனிதருக்குப் பூனை சொன்ன வணக்கம். அங்கே வணக்கத்தை இயந்திர அசைவு என்றார்கள். இங்கே உறைவை இணக்கம் என்கிறார்கள்.

அப்படியானால் எதை அளப்பது? கை விலகிய பின் பூனை திரும்புகிறதா என்பதை. நான் முன்வைப்பது இவ்வளவே. இதற்கான ஆதாரம் சிதறலாகவாவது ஏற்கெனவே இருக்கிறது. சுவிட்சர்லாந்து வீடுகளில் கிளாடியா மெர்டென்ஸ் செய்து 1991-இல் வெளியிட்ட ஆய்வில், மனிதர் தொடங்கிய ஊடாட்டத்தைவிடப் பூனை தொடங்கியது அதிக நேரம் நீடித்தது. லண்டனின் பேட்டர்சீ காப்பகப் பூனைகளை வைத்து 2021-இல் வெளியான ஆய்வு இன்னும் நேரடியானது: தொடலைத் தொடங்குவதையும் முடிப்பதையும் பூனையின் விருப்பத்துக்கு விடவும், அதன் உடல்மொழியைக் கவனிக்கவும், கன்னம், தாடை, காதடி ஆகிய இடங்களையே பெரும்பாலும் தொடவும் சிறு பயிற்சி பெற்றவர்களிடம் பூனைகள் கூடுதல் நேசத்தைக் காட்டின, சீறலும் அறையும் குறைந்தன. ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி தரப்பட்ட காப்பகப் பூனைகள் முதல் நாட்களில் விரைவாகத் தெளிந்தன என்பது நெதர்லாந்தில் 2014-இல் வந்த முடிவு. விலகிப் போக வழி இருந்த இடங்களில் பூனை நெருங்கியிருக்கிறது. 2012-இல் வட டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வேடு ஒன்று இதை அதன் எல்லைக்கே கொண்டுபோனது. பயந்த பூனைக்கு மனிதர் தரக்கூடிய பெரிய பரிசு, அவர் விலகிப் போவதுதான். பூனை சற்றே தளர்ந்த கணத்தில் மனிதர் பின்வாங்கினால், அந்தத் தளர்வே வலுப்பெறுகிறது.

கருத்தடை முடிந்து காதுநுனி வெட்டப்பட்ட ஒரு செங்கறுப்புப் பெண்பூனையிடம் நான் கண்டதும் இதோடு ஒத்துப்போகிறது. கிழிந்த பாதத்துக்கு மருந்து போட உள்ளே எடுக்கப்பட்டு, பிறகு வெளியே போக மனமில்லாமல் சலவை இயந்திரத்தின் பின்னால் குடியிருந்தது. மீன் குழம்பில் தோய்த்த நீளக் கரண்டியை நக்கப் பழகிய பின், கரண்டியின் பிடி குறுகி விரலாயிற்று. தாடையோரம் விரல் பட்டதும் கையை எடுத்துவிடுவதே விதி. பூனை எடுக்கச் சொல்வதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். தொடக்கத்தில் விரல் பட்டபோது முதுகுத்தோல் அலைபோல் சிலிர்த்தது. பிறகு சிலிர்ப்பு நின்றது; அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, உறைவிலும் சிலிர்ப்பு நிற்கும். கை விலகியபோது எடை முன்னங்கால்களுக்கு மாறி, தலை அரை அங்குலம் முன்னே வந்து கையிருந்த வெற்றிடத்தைத் தேடியதே, அதைத்தான் குறித்துக்கொண்டேன். வயிறு நிரம்பி, கிண்ணம் காலியாகக் கிடந்த வேளைகளிலும் அது நடந்தது. அந்தக் கணத்தில் மடி நேரம் பூஜ்யம்.

ஒரு பூனை எதையும் நிறுவாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘முடியவே முடியாது’ என்று பொதுவிதி வகுப்பவர்களுக்கு ஒரு பூனையும் இடறலே.

எதிர்ப்புகளில் கனமானது பரம்பரை சார்ந்தது. சாண்ட்ரா மக்கியூன் 1995-இல் காட்டியபடி, குட்டிகள் கண்ணால்கூடக் காணாத தந்தையின் இயல்பு அவற்றின் நடத்தையில் தெரிகிறது. நட்பான தந்தையின் குட்டிகள் மனிதரிடம் தயங்காமல் வந்தன. எனில் கைபடாத பூனையின் தயக்கம் இரத்தத்தில் இருப்பது, அதைப் பழக்கம் மாற்றாது என்பார்கள். மக்கியூன் கண்டதின் மறுபாதியை இவர்கள் விட்டுவிடுகிறார்கள். அதே குட்டிகள் அறிமுகமில்லாத பெட்டியையும் துணிந்து நெருங்கின. தந்தை வழியாக வந்தது துணிவு. மனிதரோடான பழக்கம் தனியாகக் கற்றது. துணிவு குறைந்த பூனையும் கற்கலாம், மெதுவாக. உண்மையில் இது என் பக்கத்துச் சான்று.

காப்பகங்களில் நடுங்கிக் கிடக்கும் பூனைகளைத் தினமும் மென்மையாக வருடினால் அவை தெளிகின்றன, பூனையின் அனுமதி எதற்கு என்பது இன்னொரு வாதம். அந்தப் பூனைகளில் எத்தனை முன்பு வீட்டில் வளர்ந்தவை என்று கேட்டால் போதும். அஞ்சிய வீட்டுப்பூனையையும் கைபடாத பூனையையும் கூண்டுக்கு வந்த முதல் நாளில் பிரித்தறிவதே பெரும்பாடு.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி, சீழ்கட்டி, உடைந்த எலும்பு என்று மருத்துவர் முன் நிற்கும்போது பூனை திரும்பி வரும்வரை யாரால் காத்திருக்க முடியும்? முடியாதுதான். துண்டும் இறுகப் பிடிப்பதும் அப்போது தேவை; அதில் எனக்கு மறுப்பில்லை. அதைச் சிகிச்சை என்று எழுதுங்கள், பழக்கும் பயிற்சி என்று எழுதாதீர்கள். ஊசி போட்ட கையும் கன்னம் தடவும் கையும் ஒன்றாக இல்லாமல் பார்த்துக்கொள்வதும் நல்லது. ராபர்ட்டா கொலார்ட் 1967-இலேயே, ஐவர் கையாண்ட குட்டிகள் ஒருவர் கையாண்டவற்றைவிட அந்நியரிடம் குறைவாக அஞ்சின என்று காட்டினார். ஒருவர் கையிலேயே வளர்ந்தது அந்நியக் கையை வேறாக அறிகிறது. இப்படி ஒரு கையை மற்றொன்றிலிருந்து பிரித்தறியும் பூனைக்கு ஒரு கையின் குற்றத்தை எல்லாக் கைகளிலும் ஏற்ற வேண்டியதில்லை.

என் அளவைக்கும் ஓர் இடத்தில் எல்லை உண்டு. தொடுவதிலும் வருடுவதிலும் பூனை விலகலாம், திரும்பலாம். நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பியபின் விலக வழியில்லை. ஆகவே திரும்பலும் இல்லை. தூக்குவதைப் பழக்கத்தின் கடைசிப் படியாக வைப்பதே வழக்கம். அது அதே ஏணியின் படிதானா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. மேற்சொன்ன பூனை மடிக்குத் தானாக ஏறும். தூக்கினால் இன்றும் உடல் விறைக்கும். தூக்கிச் செல்ல வேண்டிய வேளைகளுக்கென்று, கதவு கழற்றிய பயணக்கூடையில் அதன் படுக்கையைப் போட்டு வைத்திருக்கிறோம். உள்ளே தானாகப் போய்ப் படுக்கிறது, பிறகு கதவை மாட்டுகிறோம். மடி நேரத்தைக் கொண்டு எழுதப்படும் காப்பகப் படிவத்தில் இந்தப் பூனை எந்தக் கட்டத்தில் விழும் என்று அந்தப் படிவத்தை ஆதரிப்போர் சொல்லட்டும்.