ஒளியியலுக்கும் உண்டு ஓர் அறிவிப்பாளர் தொடர்



பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்னொளி தரும் நெய்வேலியில் வாழும் நாம், ஒளியை ஆராய்ந்தோரை அறிந்திருக்கிறோமா?

பஸராவில் பிறந்த இப்னுல் ஹைஸம், சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் 'கிதாபுல் மனாழிர்' எழுதினார். பொருளிலிருந்து கண்ணை அடையும் ஒளியாலேயே பார்க்கிறோம் என்று சோதனைகளால் விளக்கினார். மத்ரஸாவில் மாணவர்களிடம் இதைப் பெருமையுடன் கூறி, அத்துடன் நிறுத்திக்கொண்டோம்.

தொடர் அங்கே முடியவில்லை. 1956இல் பெங்களூருவில், சர் சி.வி. இராமனின் சகோதரி மகன் பஞ்சரத்னம் ஓர் உண்மையைக் கண்டார். ஒளியலையின் அதிர்வு நிலையைப் படிப்படியாக மாற்றி, தொடக்க நிலைக்கே திருப்பிக் கொணர்ந்தாலும், கடந்த பாதையின் தடம் அலையில் எஞ்சுகிறது. ஒளிக்கற்றையைத் திருகுபோல் முறுக்கி வடிவமைக்கும் இன்றைய தகடுகள் பல இத்தத்துவத்திலேயே இயங்குகின்றன.

அவரோ 1969இல், 35 வயதில் மறைந்தார். 1984இல் பிரிட்டன் அறிஞர் மைக்கேல் பெர்ரி, இதையொத்த உண்மையைக் குவாண்டம் இயற்பியலில் வெளியிட்டார். பஞ்சரத்னத்தின் ஆய்வை அறிந்தபின், அவரே முன்னோடி என 1987இல் எழுதிப் பதிவு செய்தார்.

இஸ்னாதைப் பேணும் சமுதாயம் நாம். கல்வி அமானிதம், அதைத் தந்தவர் எவராயினும் அவர் பெயரைச் சொல்வதும் அமானிதமே. இனி நம் வகுப்பில் இரு பெயர்களும் ஒலிக்கும், இன்ஷா அல்லாஹ்.