ஆகோள் முதல் வாகை வரை: திரைப்போரைக் காண ஒரு முன்னுரை

தேனி மாவட்டத்தின் ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையை ஒட்டி அமைந்த சிற்றூர் புலிமான்கோம்பை. 2006ஆம் ஆண்டில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் அங்கே தமிழ்பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அவை கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சார்ந்தவை என்பது ஆய்வாளர் கருத்து. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில் உயிர்நீத்த தீயன் அந்தவன் என்பானைக் குறிக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில் இன்றுள்ள கூடலூரே அக்கூடலூர் எனக் கருதுவோரும் உண்டு.

ஆகோள் என்பது ஆநிரை கவர்தல். தொல்காப்பியப் புறத்திணையியல் வெட்சித் திணையின் துறைகளுள் ஒன்றாக இதே சொல்லை ஆள்கிறது. இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்யப்படும் ஒரு சொல், நம் மண்ணின் கல் ஒன்றில் ஒரு மனிதனின் மரணமாகக் கிடைத்திருக்கிறது என்பது எளிதில் கடந்துசெல்லக்கூடிய செய்தியன்று.

இந்தப் பழஞ்சொல்லைக் கொண்டு, முற்றிலும் புதியதொரு காட்சியை வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய விழைகிறேன். கணினியில் இருவர் எதிரெதிராக ஆடும் வியூக விளையாட்டுப் போட்டிகளே அவை. நம் வீட்டுப் பிள்ளைகள் அவற்றை மணிக்கணக்கில் பார்க்கின்றனர். ஆடுவதில்லை, பிறர் ஆடுவதைப் பார்க்கின்றனர். அருகில் அமரும் பெரியவருக்கோ திரையில் எறும்புகள் ஊர்வதுபோல் ஏதோ அசைவது மட்டுமே தெரிகிறது. புறத்திணை பயின்ற ஒருவர் அவ்வாறு திகைக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து.

முதலில் சிறிது வரலாறு. 1998இல் வெளிவந்த 'ஸ்டார்கிராப்ட்' என்னும் விளையாட்டு தென்கொரியாவில் பெரும் வரவேற்பைப் பெற்றது. 2000ஆம் ஆண்டளவில் இத்தகைய போட்டிகளுக்கெனவே தனித் தொலைக்காட்சி அலைவரிசை அங்கு தோன்றிவிட்டது. 2004இல் பூசான் நகரத்துக் கடற்கரையில் நடந்த இறுதிப் போட்டிக்கு ஒரு லட்சம் பேர் திரண்டனர் என்று செய்திகள் கூறின. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுகள் காட்சிப் போட்டியாக இடம்பெற்றபோது, 'ஹார்த்ஸ்டோன்' என்னும் சீட்டுவகை வியூக ஆட்டத்தில் இந்தியாவின் தீர்த் மேத்தா மூன்றாம் இடம் பெற்றார். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியில் மின்விளையாட்டு முறையான பதக்கப் பிரிவாயிற்று.

தொடக்கநிலைப் பார்வையாளர் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்வது நல்லது. நான் பரிந்துரைப்பது, 1999இல் வெளிவந்து கால்நூற்றாண்டு கடந்தும் ஆடப்பட்டுவரும் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகம். வேற்றுக்கிரகமோ மாயமந்திரமோ இதில் இல்லை. வயல், காடு, சுரங்கம், கோட்டை, குதிரை, வில் ஆகிய நாம் அறிந்த பொருள்களே உள்ளன. 2022இல் இதன் போட்டியொன்று ஜெர்மனியின் ஹைடல்பெர்க் கோட்டைக்குள்ளேயே நடத்தப்பட்டது. அதே ஆண்டு வெளிவந்த ஒரு விரிவாக்கத்தில் 'திராவிடர்' என்ற பெயரில் ஒரு நாகரிகமும், இராசேந்திர சோழனின் கதையும் சேர்க்கப்பட்டன. அத்திராவிடர் கடற்படையிலும் காலாட்படையிலும் வல்லவர், குதிரைப்படையில் வலிகுறைந்தவர். ஒவ்வொரு தரப்புக்கும் இவ்வாறு தனித்த பலமும் குறையும் உண்டு.

ஆட்டம் தொடங்குகையில் ஒவ்வொருவரிடமும் ஊர்மையம் ஒன்று, குடிமக்கள் மூவர், ஒற்றறியும் குதிரைவீரன் ஒருவன் மட்டுமே. ஐம்பது அளவு உணவு கொடுத்தால் 25 நொடிகளில் மேலும் ஒரு குடிமகன் உருவாவான். குடிமக்கள் உணவு, மரம், பொன், கல் என்னும் நான்கு வளங்களைத் திரட்டுவர். அவ்வளங்களைக் கொண்டு அடுத்தடுத்த காலகட்டங்களுக்கு உயர வேண்டும். மொத்தம் நான்கு காலகட்டங்கள். இரண்டாவதற்கு உயர 500 உணவு வேண்டும். மூன்றாவதற்கு 800 உணவும் 200 பொன்னும் வேண்டும். ஆகவே, புதிதாகப் பார்ப்பவர் படைகளைப் பார்க்கக் கூடாது, குடிமக்களைப் பார்க்க வேண்டும். யாரிடம் உழைப்போர் மிகுதி, யார் முந்தி உயர்கிறார் என்பதே முதற்பத்து நிமிடத்தின் கதை. உழவின் மீதே அரசு நிற்கிறது என்ற உண்மையை இங்கே எண்களாகக் காணலாம்.

இனிப் போர். தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஊர்ப்புறத்தே வழக்கமாக எட்டு ஆடுகள் கிடைக்கும். அவற்றுள் சில எங்கோ சிதறி நிற்கும், தேடிப் பிடிக்க வேண்டும். காவலின்றி நிற்கும் ஆட்டின் அருகே எதிரியின் குதிரைவீரன் வந்துவிட்டால், அது அவனுடையதாகிவிடும். அவன் அதைத் தன் ஊருக்கு ஓட்டிச் செல்வான். இதற்குப் பெயர் வேறென்ன? ஆகோள்தான். ஆநிரை இருக்கும் இடத்தை ஒற்றரால் அறிதலைத் தொல்காப்பியம் 'வேய்' என்கிறது. திரையில் முதல் இரு நிமிடங்களில் குதிரைவீரன் சுற்றித் திரிவது அந்த வேயே. இழந்ததை மீட்க ஓடினால் அது கரந்தை.

அடுத்து, சிறுபடையோடு எதிரியின் எல்லைக்குள் புகுந்து விறகுவெட்டிகளையும் சுரங்கத்தாரையும் அலைக்கழிப்பது வஞ்சியின் இயல்புடையது. பின்னர் 650 கல் செலவிட்டு ஒருவர் கோட்டை எழுப்புவார், மற்றவர் நெடுந்தொலைவு கல்லெறியும் பொறிகளால் அதைத் தகர்க்க முனைவார். இது உழிஞையும் நொச்சியும். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரை மதிலின் பொறிகளைப் படித்தவர்களுக்கு இக்காட்சி புதிதாகத் தோன்றாது. இறுதியில் இரு பெரும்படைகளும் வெளியில் மோதுவது தும்பை. எல்லா ஆட்டமும் இவ்வரிசையிலேயே செல்லும் என்பதில்லை. சில ஆட்டங்கள் வஞ்சியிலேயே முடிந்துவிடும். 'இப்போது நடப்பது எந்தத் திணை' என்று தமக்குள் கேட்டுக்கொண்டே பார்த்தால் குழப்பம் விலகும்.

இன்னொரு நுட்பம் உண்டு. சதுரங்கத்திலும் நம் ஆடுபுலி ஆட்டத்திலும் எல்லாக் காய்களும் இருவர் கண்ணுக்கும் தெரியும். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக வாகையர் பட்டம் வென்றபோது, எதிரியின் எண்ணம் மட்டுமே அவருக்கு மறைவாக இருந்தது, பலகை மறைவாக இல்லை. இவ்விளையாட்டிலோ தன் ஆட்கள் பார்வை எட்டுமளவே ஒருவருக்குத் தெரியும். மற்றவை மூட்டத்தில் மறைந்திருக்கும். ஆனால் பார்வையாளருக்கு இரு பக்கமும் தெரியும். ஆடுபவரைவிடப் பார்ப்பவர் அதிகம் அறிந்திருக்கும் இந்நிலையே இதன் சுவைக்கு மூலம்.

நம் ஊர்த் திருவிழாக்களில் சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் விடியவிடிய நடக்கும்போது, கிழவனாக வந்திருப்பவன் முருகன் என்பது கூட்டம் முழுமைக்கும் தெரியும், வள்ளிக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் சிரிப்பும் பதைப்பும் பிறக்கின்றன. காட்டுக்குப் பின்னே எதிரி ரகசியமாகக் கோட்டை கட்டுவதை நாம் காண்கிறோம். அதையறியாமல் மற்றவர் வயல் உழுதுகொண்டிருக்கிறார். வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியதன் தேவை அப்போது விளங்கும். வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று 48, 49, 50ஆம் அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்பதன் பொருத்தமும் விளங்கும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். விளையாட்டு என்ற பெயரில் எத்தனை குடும்பங்கள் பணத்தை இழந்தன என்று பெற்றோர் கேட்பர். அக்கேள்வி நியாயமானது. ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளலாகாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து, மின்விளையாட்டுப் போட்டியைத் தனி வகையாக ஏற்கிறது. சட்டத்துக்கு முன்பே நம் மரபில் இவ்வேறுபாடு உண்டு. சூதை 94ஆம் அதிகாரத்தில் கடிந்த வள்ளுவர், மேற்சொன்ன அதிகாரங்களில் கணித்துச் செயல்படும் அறிவைப் போற்றுகிறார். பிள்ளை பார்ப்பது எது என்று அறிய, பெரியவர் ஒருமுறையேனும் உடனமர்ந்து பார்க்க வேண்டும். பார்க்காமல் தடுப்பவர் சொல்லைப் பிள்ளைகள் மதிப்பதில்லை. உண்மையான சூது வரும்போது அவர் எச்சரித்தாலும் அது எடுபடாது.

போரைக் கேளிக்கையாக்கலாமா என்ற கேள்வி இதைவிடக் கடினமானது. புலிமான்கோம்பைக் கல் நமக்கு அதையும் நினைவூட்டுகிறது. அங்கே ஆகோளின் முடிவில் ஒருவன் இறந்தான், அவனுக்காகக் கல் நட்டனர். திரையில் வீழ்பவருக்குக் கல் இல்லை, பெயரும் இல்லை. ஆனால் ஒன்று உண்டு. இனி வெல்ல இயலாது என்று உணர்ந்தவர், 'நல்ல ஆட்டம்' எனப் பொருள்படும் இரண்டெழுத்தைத் தட்டிவிட்டு விலகிக்கொள்வார். கடைசி வீடு எரியும்வரை போரிடுவது அங்கே மரபன்று. தோல்வியை உரிய நேரத்தில் அறிந்து ஒப்புக்கொள்வதும் காலமறிதலே. புறப்பாடல்களின் அரசர்கள் பலர் அதை அறிந்திருந்தால் காஞ்சித் திணைக்கு இவ்வளவு பாடுபொருள் கிடைத்திருக்காது.

முதன்முறை பார்ப்பவர்கள் பதிவுசெய்யப்பட்ட இறுதிப் போட்டி ஒன்றை எடுத்துக்கொள்க. பெரும்பாலும் ஓர் ஆட்டம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். திரையில் காட்டப்படும் குடிமக்கள் எண்ணிக்கையை அவ்வப்போது ஒப்பிடுக. மூலையில் உள்ள சிறு வரைபடத்தில் நிறங்கள் எங்கே நெருங்குகின்றன என்று நோக்குக. வருணனை புரியாவிட்டால், அருகிலிருக்கும் பிள்ளையிடமே கேட்கலாம். அவர்கள் சொல்லும் பெயர்கள் நமக்குப் புதியவை, நாம் சொல்லும் வெட்சியும் உழிஞையும் அவர்களுக்குப் புதியவை. அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு பெயர்களும் இருவருக்கும் தெரிந்துவிட்டால், அடுத்த ஆண்டு புறத்திணை வகுப்பு இவ்வளவு தூக்கத்தோடு நடக்காது.