ரிசல்ட் வரும் வரை: ஒரு ரத்தப் பரிசோதனையின் கதை

பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதுவே புற்றுநோய் இருக்கிறதா, இல்லையா என்ற ரிசல்ட்டாக இருந்தால்? உலகம் முழுக்க நடுவயதைத் தாண்டிய ஆண்கள் பலர், புராஸ்டேட் பரிசோதனை செய்துகொண்டு இப்படித்தான் காத்திருக்கிறார்கள். ஆனால் இத்தனை பேர் காத்திருப்பது சுமார் நாற்பது ஆண்டுகளாகத்தான்!

புராஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சிறிய சுரப்பி. முன்பெல்லாம் அதில் வரும் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய பிறகுதான் தெரியவந்தது. 1938இல் கட்மன் தம்பதியர், அமில பாஸ்படேஸ் என்ற நொதி இந்நோயாளிகளின் ரத்தத்தில் கூடுவதைக் கண்டார்கள். ஆனால் நோய் எலும்புக்குப் பரவிய பிறகுதான் அது நன்றாகக் கூடியது. அதாவது, வலி வந்த பிறகு வரும் ரிசல்ட்.

இதை மாற்றியது பிஎஸ்ஏ என்ற புரதம். 1979இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில், ராஸ்வெல் பார்க் நிறுவனத்தில் டி. மிங் சூ குழுவினர் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தனர். ஏற்கெனவே நோய் உள்ளவர்களைக் கண்காணிக்க, 1986இல் அமெரிக்க அரசு இந்தப் பரிசோதனையை அனுமதித்தது. நோயைக் கண்டுபிடிக்கவும் பயன்படுத்தலாம் என்று 1994இல் அனுமதி கிடைத்தது. இப்படி, எந்த வலியும் இல்லாமல் நன்றாக நடமாடிக்கொண்டிருந்த ஆண்களும் ஓர் எண்ணுக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்கள்.

அந்த எண் 4. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 4 நானோகிராமுக்கு மேல் போனால் சந்தேகம். ஆனால் வயதாகும்போது சுரப்பி சாதாரணமாக வீங்கினாலும், கிருமித் தொற்று இருந்தாலும் பிஎஸ்ஏ கூடும். 4 முதல் 10 வரை உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். ஆக, இந்த எண் தீர்ப்பு அல்ல, ஒரு கேள்வி மட்டுமே. பதில் வேண்டுமானால் பயாப்சி. அதற்கும் ஒரு காத்திருப்பு!

இந்தக் காத்திருப்பில் சிக்கிய பிரபலங்களில் ஒருவர் இன்டெல் நிறுவனத்தின் தலைவர் ஆண்டி குரோவ். 1994இல் அவருடைய பிஎஸ்ஏ 5 என்று வந்தது. கணக்கைத் தணிக்கை செய்வது போல, மறுமுறை ரத்தத்தை இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பிச் சரிபார்த்தார். பயாப்சியில் புற்றுநோய் உறுதியானது. பிறகு மருத்துவ ஆய்வுகளைத் தேடிப் படித்தார், எண்களை வரைபடமாகப் போட்டுப் பார்த்தார், பல மருத்துவர்களைக் கேட்டார். ஒவ்வொரு நிபுணரும் தத்தம் முறையையே சிறந்தது என்பதையும் கவனித்தார். கடைசியில் கதிர்வீச்சுச் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தார். 1996இல் பார்ச்சூன் இதழில் இதையெல்லாம் அவரே எழுதினார். ஆண்கள் வெளியே சொல்லத் தயங்கிய நோய் அது. அதற்கு முன்பே, 1990இல், அமெரிக்க நோயாளிகள் சிலர் 'அஸ் டூ' என்ற ஆதரவுக் குழுவைத் தொடங்கி ஒருவரோடு ஒருவர் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

நல்ல ரிசல்ட் வந்தால் பயம் போய்விடுமா? 2004இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இதைத்தான் கேட்டது. பயாப்சியில் புற்றுநோய் இல்லை என்று தெரிந்து ஆறு வாரங்கள் ஆன பிறகும், 49 சதவீதத்தினர் அந்த நோயைப் பற்றி நினைத்துக்கொண்டே இருந்தார்கள். பிஎஸ்ஏ சாதாரணமாக இருந்தவர்களிலோ அது 18 சதவீதம்தான். பயம் ரிப்போர்ட்டோடு முடிவதில்லை. ஆகவே அது கோழைத்தனமும் இல்லை.

ஆறுதலான செய்தியும் உண்டு. பிரிட்டனில் 1999 முதல் 2009 வரை, ஆரம்ப நிலையில் நோய் கண்டறியப்பட்டவர்களில் 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு என்று மூன்று பிரிவாகப் பிரித்துக் கவனித்தார்கள். 2023இல் முடிவு வந்தது. 15 ஆண்டுகள் கழித்தும் சுமார் 97 சதவீதத்தினர் இந்த நோயால் இறக்கவில்லை. மூன்று பிரிவுகளுக்கும் இதில் பெரிய வித்தியாசமே இல்லை! கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு நோய் பரவும் வாய்ப்பு கூடுதல் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் ஆரம்ப நிலை நோயில் பெரும்பாலும் நிதானமாக யோசிக்க நேரம் இருக்கிறது.

காத்திருப்பவர் செய்யக்கூடியவை சில உண்டு. ரிசல்ட் எந்தத் தேதியில் வரும், யார் சொல்வார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளலாம். மருத்துவரிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைக்கலாம். ரிப்போர்ட் வாங்கப் போகும்போது வீட்டில் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம். உங்கள் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ இந்த நாட்களில் அதிகம் பேசாமல் இருந்தால், "ஒண்ணும் இருக்காது, விடுங்க" என்று முடித்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, என்ன நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள்.